தமிழில் சொல்லும்படி ஒன்றும் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒலிப்பதிவின் தரத்துக்குப் பேர்போன இசைத்தொகுப்புகள் பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆங்கில ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைடு ஆஃப் தி மூன்’ (1973) தொகுப்பைப் பாராட்டி, அதன் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பெயரையும் மறக்காமல் போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் கடைசிப் பத்தியில், ‘தமிழில் இந்த வரிசையில் வைத்துச் சொல்லும்படி ஒன்றும் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

பினாங்கில் 26 ஆண்டுகள் கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டியவன் நான். மண்டபத்தில் பெட்டிகளை நிறுத்தியதும் முதலில் போடுவது இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ (1986). வி. எஸ். நரசிம்மனின் வயலினில் வில் நரம்பைத் தொடும் உரசல் கடைசி வரிசை நாற்காலி வரை வந்து சேர வேண்டும். வராவிட்டால் பெட்டியின் கோணத்தை மாற்றி, மறுபடி கடைசி வரிசைக்கு நடந்துபோய் நின்று கேட்பேன். மண்டபத்தின் குறை எங்கே என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தக் கேசட்தான். அதுவா சொல்லும்படி இல்லாதது?

1992இல் ‘ரோஜா’ வந்தபோது லிட்டில் இந்தியாவில் ஒரு கேசட் கடை வாசலில் கையில் ஒயர்ச் சுருளோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கடையின் பழைய பெட்டியில்கூடத் தாளம் நெஞ்சில் இறங்கியது. அதன்மேல் பாடகியின் மூச்சு தனியாகக் கேட்டது.

ரஹ்மானின் பாடல்களைப் பல்லாண்டு ஒலிப்பதிவு செய்த எச். ஸ்ரீதர், ‘மகாநதி’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ உட்பட நான்கு படங்களுக்குத் தேசிய விருது பெற்றவர். இது தங்களுக்குத் தெரியாததல்ல. 2008 டிசம்பரில் அவர் மறைந்தபோது நான்கு வரி இரங்கல் எழுதி அனுப்பினேன். வெளிவரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இந்தக் கட்டுரையைப் படித்தபின் அந்தத் தேறுதலும் போய்விட்டது.

வானொலியிலும் இதே கதைதான். பாடியவர், இசையமைத்தவர், படத்தில் வாயசைத்தவர் பெயர் வரை சொல்கிறார்கள். பதிவு செய்தவர் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. கல்யாண வீட்டாரோ ‘இன்னும் ஏற்றுங்கள்’ என்று ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் கருவியில், அளவு மீறுவதைக் காட்டும் சிவப்பு விளக்கை அணையவே விடமாட்டார்கள். மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகிப் பாட்டு இரைச்சலாகிவிடும். இப்போது பல பாடல்களைப் பதிவிலேயே அப்படி நெருக்கி ஏற்றிவிடுகிறார்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு நல்ல பதிவு எது என்று எடுத்துச் சொல்ல வேண்டிய ஏடே ‘தமிழில் ஒன்றும் இல்லை’ என்று எழுதினால், நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?

நான் கேட்பது ஒன்றுதான். இனி இசைத்தொகுப்பு விமர்சனம் வெளியிடும்போது, பாடகர்களின் பெயருக்குக் கீழே ஒலிப்பதிவாளர் பெயரையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பழைய கேசட் அட்டைகள் 300க்கு மேல் வைத்திருக்கிறேன். பெயர் சரிபார்க்க வேண்டுமென்றால் அலுவலகத்துக்கே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஜெலுத்தோங், பினாங்கு