சேலைக் கரையும் கைபேசித் திரையும்

திருத்தணி,
ஞாயிறு மாலை

அன்புள்ள தாமு,

புத்தூர்க் கட்டுக்குப் பிறகு அண்ணி கையை மடக்கி நீட்டுகிறார் என்று படித்து நிம்மதி. மாவாட்ட மட்டும் இப்போதே விடாதே.

நகரிச் சேலை விற்கும் உங்கள் இணையதளத்துக்கு வருகிறேன். பட்டியலில் படம் மங்கல், சேலையைத் தொட்டு உள்ளே போனால் திறக்கவே நேரமாகிறது என்கிறாய். பட்டியலுக்கு 180 பிக்சல், அதாவது 180 புள்ளி, அகலப் படம் வைத்திருக்கிறீர்கள். உள்ளே கேமராவின் 4000 பிக்சல் படம் அப்படியே போகிறது. இப்போதைய போன்கள் பலவற்றில் திரை அகலம் 360 என்று பிரவுசர் கணக்கு வைக்கும், ஆனால் அந்த அகலத்தில் உண்மையில் உள்ள புள்ளி 1080. 180 இடத்தில் 540 புள்ளி காத்திருக்கிறது. படம் மங்காமல் என்ன செய்யும்?

அதற்காக எல்லாவற்றையும் மூன்று மடங்காக்காதே. மூன்று மடங்கு அகலம் என்றால் ஒன்பது மடங்கு புள்ளி. இரண்டு மடங்கில் நான்குதான். கைத்தொலைவில் வித்தியாசம் தெரிவது அரிது. 360, 720, 1080, 1440 என நான்கு அகலங்களில் எடுத்து, பிரவுசர் தேர்ந்தெடுக்கும் படப் பட்டியலான சோர்ஸ்செட்டில் கொடு. கூடவே படம் திரையில் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று சொல்லும் சைசஸ் எழுது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: அது இல்லாவிட்டால் படம் திரை முழுக்க வரும் என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். வரிசைக்கு இரண்டு சேலை என்றால் 50விடபிள்யூ, அதாவது திரை அகலத்தில் 50 சதவீதம். மூன்று மடங்குத் திரைக்கு மட்டும் 33 என்று குறைத்துச் சொன்னால் சின்னப் படத்தையே எடுக்கும்.

இரட்டை அளவுப் படத்தைத் தரம் 80இல் வைக்க வேண்டாம், 60 போதும். புள்ளி சிறிதானதால் சுருக்கத்தால் வரும் கறை தெரியாது. விதிவிலக்கு கரை. படக் கோப்பு வகைகளான சாதாரண ஜேபெக்கும் வெப்பியும் நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிச் சேமிக்கும், நான்கு புள்ளிக்கு ஒரு நிறம். சிவப்பின் மேல் ஒற்றை இழை ஜரிகை ஓடினால் விளிம்பு கலங்கிப் பழுப்பாகிவிடும். கரையின் நெருக்கப் படத்தை மட்டும் நிறத்தைக் குறைக்காத 4:4:4 ஜேபெக்காக எடு. கோப்பு கனக்கும்தான், ஒரு படம்தானே.

முதல் படத்துக்கு லேஸி லோடிங் (பக்கத்தை நகர்த்தி அருகில் வரும்போதே படத்தை இறக்குவது) கூடாது, கீழே உள்ளவற்றுக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் அகலமும் உயரமும் எழுதிவிடு, இல்லையேல் படம் வர வர எழுத்து குதிக்கும். ஐபோனில் எடுத்தவற்றை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறைக்கு மாற்றிய பிறகே, கோப்போடு வரும் நிறக் குறிப்பான புரொஃபைலை நீக்கு. முந்திக்கொண்டால் அரக்கு வெளிறும், சேலையும் திரும்பி வரும்.

அரக்குக் கரைச் சேலை ஒன்றின் மூலப் படத்தை அனுப்பு, சுருக்கிக் காட்டுகிறேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதே, டாக்குமெண்டாக அனுப்பு. இல்லாவிட்டால் நாம் தொடும் முன்பே அது சுருக்கிவிடும்.

அன்புடன்,
குமரேசன்