முதலில், கடக்கும் இடம்

ஆசிரியருக்கு,

ஊர் எல்லையில் துருவேறி நிற்கும் வரவேற்புப் பலகையை மாற்றி, அதையொட்டிப் பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடத்தையும் சீரமைக்கப் போவதாக வெளியான செய்தியைப் படித்தேன். நல்ல முடிவு. ஆனால், கடக்கும் இடத்து வேலைதான் முதலில் முடிய வேண்டும். வெள்ளைக் கோடுகளில் கடப்போருக்கு வாகனங்கள் வழிவிட வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குவிதிகள். இங்கோ கோடே தேய்ந்து அழிந்துவிட்டது. இரவு எட்டரைக்குப் பனியன் கம்பெனி ஷிப்ட் விட்டதும், டிபன் பையை மார்போடு அணைத்தபடி பெண்கள் நடுத்திட்டில் ஒண்டி நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். லாரிக் காற்றில் அவர்கள் முந்தானை படபடக்கிறது.

கோடு போட்டால் மட்டும் போதாது. கடக்கும் தளத்தைச் சற்று உயர்த்தி, நடுவில் நிற்க இடம் விட்டு, நேர் மேலே விளக்குப் பொருத்த வேண்டும். புதிய பலகையின் தூண்களையும் எதிர்வரும் வாகனத்தை மறைக்காத இடத்தில் ஊன்ற வேண்டும்.

- வாசகர், திருப்பூர் மாவட்டம்