மஞ்சள் சீட்டில் ஏணி இல்லை

உள்ளாட்சித் தேர்தல் பணியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். கிராமத்து வாக்காளர் கையில் நான்கு சீட்டு வருவதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நான்கும் என் அத்தை கையில் என்ன ஆயின என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

27.12.2019 அன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாக்குப்பதிவு. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தலைவர் பதவிக்கு நின்றவர் வீடு தேடி வந்து, "ஏணியை மறந்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அட்டை மறைப்புக்குள் போன அத்தை நான்கு சீட்டிலும் ஏணியைத் தேடியிருக்கிறார். இளஞ்சிவப்பில் இருந்தது, குத்திவிட்டார். மற்ற மூன்றில் இல்லை. "சீக்கிரம் பாட்டி" என்று குரல் வந்ததும் வெள்ளையையும் பச்சையையும் அப்படியே மடித்துவிட்டார். மஞ்சளில் தெரிந்த சின்னங்கள் இரண்டு இருந்தன. யார் மனமும் நோக வேண்டாம் என்று இரண்டிலும் முத்திரை குத்திவிட்டு வந்ததாக வீட்டில் பெருமையாகச் சொன்னார்.

எந்த நிறம் எந்தப் பதவிக்கு என்ற அறிவிப்பு இருந்தது. கதவுக்குப் பின்புறச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கதவைத் திறந்து வைத்தால் தெரியாது. வாக்குப்பதிவு அன்று கதவைத் திறந்துதானே வைப்பார்கள்!

2.1.2020 அன்று வாக்கு எண்ணும் இடத்தில் ஒரு வேட்பாளரின் முகவராக நின்றேன். இரண்டு சின்னங்களுக்கு நடுவே கோட்டின்மேல் விழுந்த முத்திரை, வெற்றுச் சீட்டு, இரட்டை முத்திரை என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஒதுக்கினார்கள். அத்தையுடையதும் அந்தக் குவியலில்தான் கிடந்திருக்கும்.

சீட்டை அச்சுக்கு அனுப்பும் முன் இருபது பேரிடம் கொடுத்துப் பாருங்கள். வேண்டுவது இவ்வளவுதான். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு மாதிரிச் சீட்டோடு வாருங்கள். எதையும் சொல்லித் தராமல், எங்கே தடுமாறுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாம் பீச்சில், முதியோர் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கி, அதிபர் வேட்பாளர் பெயர்களை எதிரெதிர் பக்கங்களில் அச்சிட்டார்கள். நல்லெண்ணம்தான். எந்தப் பெயருக்கு எந்த இடத்தில் குறியிடுவது என்று பலர் குழம்பி, 19,000க்கும் மேற்பட்ட வாக்குகள் இரட்டைக் குறியால் செல்லாமல் போயின.

2022இல் நகரத்து வாக்காளருக்கு ஒரே வாக்கு, அதற்கு இயந்திரம். நான்கு வாக்குப் போடுகிற கிராமத்துக்கு ரப்பர் முத்திரை. சரி, தேர்தல் நடந்தால் அல்லவா சீட்டு? 2016 அக்டோபர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல், தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்குப் பதிலாக, அரசு அமர்த்திய தனி அலுவலர்கள். 2019இல் வாக்களித்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் மறுபடியும் தனி அலுவலர்கள். செல்லாத வாக்கே விழாமலிருக்க இதைவிட நல்ல வழி கிடையாது!

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். அச்சுக்கு முன் இருபது பேரிடம் கொடுத்துப் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பத்தொன்பது பேரைத் தேடினால் போதும். அத்தை இப்போதே தயார். வெயிலுக்கு முன்னால் வரச் சொன்னார்.

இப்படிக்கு,
நான்கு சீட்டு வாக்காளர் ஒருவர்