பேனலில் நிற்காதே, தேவா

புதுச்சேரி

கிறிஸ்துவுக்குள் அன்பான தேவா,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். ஞானமணி அண்ணன் பாடகர் குழுவில் இன்னும் பேஸ் குரல்தானா? சுருதி மட்டும் மாறியிருக்காது என்று நம்புகிறேன்.

சபைகளை நிர்வகிக்கும் சேகரக் குழுத் தேர்தலுக்கு, அணியாகச் சேர்ந்து நிற்கும் ஒரு பேனலில் உன் பெயர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதன்பின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சபையின் ஆவிக்குரிய வீழ்ச்சி என்று பிரசங்கத்தில் பேசுகிறார்கள். அது முதலில் தெரிவது சபையார் கட்டும் சந்தா நோட்டில்தான், தேவா. விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் பெற்று, அப்பமும் ரசமும் பெறும் இராப்போஜனத்தில் பங்கெடுத்து, சந்தா பாக்கி இல்லாதவருக்கு ஓட்டு. நல்ல விதிதான். பட்டியல் முடிக்கும் கடைசி வாரத்தில் ஒருவரே வந்து தெருவுக்கே பாக்கியைக் கட்டிவிடுகிறார். ரசீது ஆளுக்கொரு பெயரில், பணம் ஒரு பையிலிருந்து. ஊரைவிட்டுப் போய் வேறு சபையில் சேர்ந்தவருக்கும் ஓட்டு வந்துவிடும். ஞாயிறு தவறாமல் வரும் ஏழை விதவையின் பெயர் பாக்கிக்காக விடுபடும். இராப்போஜனப் பதிவேடு ஆயர் யாரை வீட்டில் போய்ப் பார்க்கவேண்டும் என்று காட்டுவதற்கு இருக்கிறது. இப்போது அதை வைத்துத் தலை எண்ணுகிறார்கள்.

அடுத்தது உனக்கே தெரியும். தோற்ற தரப்பு சிவில் கோர்ட்டுக்குப் போகும், இடைக்காலத் தடை வரும். ஆளுக்கொரு பொருளாளர், ஆளுக்கொரு தீர்மானப் புத்தகம் என்றானதும் வங்கி கணக்கை முடக்கும். முதலில் நிற்பது கிராமத்துச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் சம்பளம். ஓய்வுபெற்ற நீதிபதி நிர்வாகியாக வந்தால் அந்தச் செலவும் வக்கீல் செலவும் காணிக்கையிலிருந்துதான் போகும்.

பேனல் போடுவதே சாதிக்கணக்கில்தானே? மேல்பட்டாம்பாக்கம் உனக்குக் கூப்பிடு தூரம். சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொண்ட ஜெர்மானிய லீப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறிய கார்ல் ஓக்ஸ், 1860-களில் அங்கே பெத்தானியா என்ற மிஷன் நிலையத்தைத் தொடங்கினார். பிறகு டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது. ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு அதுதான் வேர். இங்கே கத்தோலிக்கரிடமும் அதே போராட்டம். 1745-இல் கோயிலுக்குள் சாதி பிரித்த சுவரைப் பாதிரியார் இடித்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர்கள் விலைகொடுத்து எதிர்த்ததை நாம் வேட்புமனுவில் திரும்ப எழுதுகிறோமே, இது என்னை உறங்கவிடவில்லை.

நீ தனியாக நில். அதற்கு முன் ஆயரிடம் மூன்று காரியம் கேள். ஒன்று, வாக்காளர் பட்டியலை இரண்டு மாதம் முன்பே ஆலயக் கதவில் ஒட்டட்டும். இரண்டு, அடுத்தவர் கட்டிய சந்தா ஓட்டுக்குச் செல்லாது; வறுமையால் பாக்கி வைத்தவரைக் குழு எழுத்து மூலம் விடுவிக்கட்டும். மூன்று, தகராறு வந்தால் இருதரப்பும் ஒப்புக்கொண்ட, வேறு சேகரத்தைச் சேர்ந்த மூவர் தீர்ப்பதாக முன்கூட்டியே கையெழுத்து வாங்கவேண்டும். வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் சபைக்குள்ளேயே தீர்க்கச் சொல்லும் 1 கொரிந்தியர் 6 கேட்பதும் இதைத்தான். மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும், விட்டுவிடாதே.

மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்கிறார்கள். அதற்குள் போன் செய்.

அன்புடன்,
யோசுவா