கரும்பு டிராக்டர்களின் இணைப்பு பின்னைக் கவனியுங்கள்

ஐயா,

கரும்பு அரவை தொடங்கிவிட்டால் விழுப்புரம், கடலூர் மாவட்டச் சாலைகளில் இரவு பகலாக டிராக்டர்கள் ஓடுகின்றன. அதிக பாரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். டிராக்டரையும் டிரெய்லரையும் பிணைக்கும் அந்த ஒற்றை இரும்பு பின்னை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பல வண்டிகளில் பின்னின் நடுப்பகுதி தேய்ந்து இளைத்திருக்கிறது. அது நுழையும் வளையத்தின் துளையோ வட்டம் போய் நீள்வட்டமாகிவிட்டது. இந்த இடைவெளிதான் ஆபத்து. புறப்படும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் டன் கணக்கான சுமை சம்மட்டி போல அந்தப் பின்னை அடிக்கிறது. விரிசல் அங்கேதான் தொடங்கும். உடைந்த பின்னுக்குப் பதிலாகக் கட்டடக் கம்பித் துண்டைச் செருகி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது மேலெழும்பாமல் தடுக்க வேண்டிய கொண்டியின் இடத்தில் வெறும் கட்டுக்கம்பி! பாலத்து ஏற்றத்தில் கழன்றால், தனக்கென பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னால் வரும் இருசக்கர வாகனத்தின் மீதுதான் உருளும்.

ஆலை எடைமேடையில் வண்டி எப்படியும் நிற்கிறது. அங்கேயே பின்னையும் வளையத்தையும் சோதித்து, தேய்ந்திருந்தால் மாற்றாமல் அடுத்த நடைக்கு அனுமதிக்கக் கூடாது. இணைப்பு பின் உடைந்தாலும் டிரெய்லரை விடாமல் பிடித்து நிறுத்தும் பாதுகாப்புச் சங்கிலி ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் இந்த அரவைக் காலத்திலேயே ஆலை வாசல்களில் ஆய்வைத் தொடங்க வேண்டும்.

– வாசகர், விழுப்புரம் மாவட்டம்