வியாழக்கிழமை கிளினிக்

அன்பின் மச்சான்,

உன் தம்பியின் குடியைப் பற்றி நீ அனுப்பிய குரல் பதிவு மூன்றையும் கேட்டேன். மூன்றாவதை இரண்டு தரம் கேட்டேன், கடைசியில் நீ ஒன்றும் பேசாமல் மூச்சு விடுவது மட்டும் கேட்கிறதே, அதற்காக. உடனே போன் எடுக்கவில்லை என்று கோபிக்காதே. பிள்ளைகள் ஏ.எல். சோதனைக்குப் படிக்கிற வீட்டில் இந்தக் கதையைப் போனில் சத்தமாகச் சொல்ல முடியாது, அதனால்தான் இராத்திரி குந்தியிருந்து எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கம் குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் எங்கே நடக்கிறது, விலாசம் அனுப்பு, தம்பியை அனுப்பிவிடலாம் என்கிறாய். நீ அங்கே கனடாவில் இருந்து தேடினால் கொழும்புதான் வரும். இங்கிருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல். பஸ் சாப்பாட்டுக்கு நிற்கிற இடத்திலேயே உன் தம்பி இறங்கிவிடுவான். நானாக இருந்தாலும் இறங்கியிருப்பேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் குடியை விட்டுப் பதினாலு மாதம். நான் குடிப்பேன் என்று உனக்குத் தெரியும், எவ்வளவு குடிப்பேன் என்று தெரியாது. 2018இல் நீ வந்தபோது கட்டுநாயக்கா எயார்போட்டில் வாங்கிய போத்தலைத் திறந்து ஆளுக்கு இரண்டு எடுத்துவிட்டு மூடி வைத்தோமே, காலையில் பூனை தட்டிவிட்டது என்று சொன்னேன். எங்கள் வீட்டில் அப்போது பூனையே இல்லை. நீ படுத்த பிறகு முழுவதையும் நான்தான் முடித்தேன். போத்தலை வைக்கோல் பட்டடைக்குள் செருகிவிட்டு, உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளியதாக மனைவிக்கும் ஒரு கதை சொன்னேன். 2022இல் சாமான் விலை ஏறினபோது சாராயத்திலிருந்து, களவாகக் காய்ச்சுகிற கசிப்புக்கு இறங்கினேன். பூரணைப் போயாவுக்குக் கடை பூட்டுவார்கள் என்று முதல் நாளே வாங்கி வைக்கிற ஆள், கசிப்புக்குப் போன பிறகு போயா எது, வெள்ளி எது என்று பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

விடப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். வற்றாப்பளை அம்மன் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினேன், மூன்று மாதம் நின்றது, பெரியப்பாவின் செத்தவீட்டு எட்டுச்செலவில் முடிந்தது. பிறகு ஒரு நாள் ரோசம் வந்து, யாருக்கும் சொல்லாமல் ஒரேயடியாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் கை நடுங்கி தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் விடிய, கிணற்றடியில் வலிப்பு வந்து விழுந்தேன். நல்ல காலம், கட்டுக்கு வெளியே. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு டொக்டர், சின்னப் பெடியன், திட்டவில்லை. இவ்வளவு காலம் நாள் தவறாமல் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், ஆள் அறிவு தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், செத்தும் போகலாம், இனி இதைத் தனியாகச் செய்யாதீர்கள் ஐயா என்றார். வார்டில் வைத்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, விற்றமின் பி1 ஊசி போட்டு அனுப்பினார்கள். இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், போன மாதம் நீ தம்பியை அறையில் பூட்டி வைத்து ஒரு கிழமை கொடுக்காமல் பார்க்கச் சொன்னாயாம். மச்சான், அதை மட்டும் செய்யாதே. உன் கூட்டாளி ஒருவர் சொன்ன தூளைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற யோசனையையும் விடு. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் பண்ணுகிற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அதை டொக்டர் கொடுக்க வேண்டும், எடுக்கிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் மேலே கள்ளைக் குடித்தால் நெஞ்சு அடைத்து ஆள் போகவும் கூடும்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். வார்டிலிருந்து வரும்போது அங்கே வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி, "அண்ணை, உங்களை மாதிரி இன்னொருத்தர் வியாழக்கிழமை வருவார், சும்மா கதைத்துப் பாருங்கள்" என்றாள். நான் போர்டு, மண்டபம், மைக் எல்லாம் இருக்கும் என்று நினைத்துச் சேர்ட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு போனேன். கிளினிக் கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரம், அதற்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒன்றில் அவர். அவர் யார் என்று எழுதமாட்டேன், எழுதக்கூடாது என்பதுதான் எங்களுடைய முதல் சட்டம். அரை மணித்தியாலம் அவர் தன்னுடைய கதையை மட்டும் சொன்னார், எனக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. மனைவியின் தாலிக்கொடியை வங்கியில் வைத்த கதை. பிள்ளையின் சப்பாத்துக் காசில் குடித்த கதை. எனக்கு நான் மட்டும்தான் இப்படி என்று ஒரு நினைப்பு இருந்தது, அது அந்த வேப்பமரத்தடியிலேயே போயிற்று.

பிறகுதான் இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். நீ சொன்ன ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற சங்கம் இருக்கிறதே, அதுவும் இரண்டு பேரில்தான் தொடங்கியது. 1935, அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊர். வியாபார விசயமாக வந்த பங்குச் சந்தைக்காரர் ஒருவர், குடியை விட்டு ஐந்தாறு மாதம், வந்த காரியம் சரிவராமல் ஹோட்டலில் தனியே நிற்கிறார், பக்கத்தில் பார். உள்ளே போகாமல் போனை எடுத்து, இந்த ஊரில் என்னைப் போல ஒரு குடிகாரன் இருந்தால் சொல்லுங்கள், நான் அவனோடு கதைக்க வேண்டும் என்று ஊர் ஆட்களிடம் கேட்டிருக்கிறார். கிடைத்தவர் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். அந்த வைத்தியர் கடைசியாகக் குடித்த நாள் ஜூன் 10, அதைத்தான் இன்றுவரை தொடங்கிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். சந்தா இல்லை, பதிவு இல்லை, குடியை விட விருப்பம் இருந்தால் சரி, வேறு தகுதி கேட்பதில்லை. எங்கள் மரத்தடிக் கூட்டம் அவர்களுடைய பதிவில் இல்லை, ஆனால் முறையை அவர்களிடமிருந்துதான் எடுத்திருக்கிறோம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, அங்கே கேட்டது படலைக்கு வெளியே போவதில்லை. இன்றைக்குக் குடிப்பதில்லை என்று மட்டும் சொல்வோம், நாளைக்கு என்று ஒருவரும் சத்தியம் பண்ணுவதில்லை. வற்றாப்பளையில் நான் பிழை விட்டது இதில்தான். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரேயடியாகச் சத்தியம் பண்ணிவிட்டேன்.

இப்போது ஆறு பேர். இன்னும் கூட இருக்கலாம், ஆனால் வன்னியில் பெயர் தெரியாமல் ஒரு காரியம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஆளைக் காணாவிட்டாலும் மோட்டார் சைக்கிளைக் கண்டு பிடித்துவிடுவார்கள். சனசமூக நிலையத்தில் வைப்போம் என்று ஒரு முறை யோசித்தோம், எதிரே கடை, கடையில் ஊரே நிற்கும். அதனால்தான் வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் அந்தக் கட்டடத்தில் பிரஷர், சீனி வருத்தக் கிளினிக். வாசலில் ஐம்பது சைக்கிள் நிற்கும், அதில் எங்களுடைய ஆறும் கலந்துவிடும். ஊருக்கு எனக்குக் கடுமையான சீனி வருத்தம். கலியாண வீட்டில் பாயாசம் தரமாட்டேன் என்கிறார்கள், அது ஒன்றுதான் நட்டம்.

இன்னொன்று, 'புனர்வாழ்வு' என்ற சொல்லைத் தம்பியிடம் எடுக்காதே. நீ அதை நல்ல சொல் என்று நினைத்துப் பதிவில் நாலு தரம் சொல்கிறாய். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு முள்ளுக்கம்பி முகாமும் ஆமிக்காரனும் என்றுதான் அர்த்தம். உன் தம்பிக்கு அதைக் கேட்டாலே மேல் நடுங்கும், அதற்கும் ஒரு கால் போத்தல் தேவைப்படும். கிளினிக் என்று சொல், போதும்.

கிழமையில் ஒரு நாள் போதாதபோது நான் போனில் தமிழ்நாட்டுக் கூட்டத்தில் சேருகிறேன். அங்கே இந்தச் சங்கம் எங்கள் பக்கத்தைவிட நன்றாக ஊன்றியிருக்கிறது, தமிழிலேயே நடத்துகிறார்கள், இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரே நேரம் என்பதால் நித்திரையும் கெடுவதில்லை. சிக்னலுக்காகப் பின் வளவில் மாமரத்துக்குக் கீழ்தான் நிற்க வேண்டும். குடிகாரன் என்று சொல்லமாட்டார்கள், குடிநோயாளி என்பார்கள், தன் பெயரைச் சொல்லி நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்குவார்கள். முதல் நாள் ஒருவர் 'குவார்ட்டர், கட்டிங்' என்று சொல்லிக்கொண்டே போக எனக்குக் கணக்கு விளங்கவில்லை. கள்ளுக்கடையை நான் தவறணை என்று சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. ஆனால் காலையில் எழும்பியதும் எங்கே ஒளித்தேன் என்று தேடுகிற கதையை அவர் சொன்னபோது வைக்கோல் பட்டடை என் கண்ணுக்குள் வந்தது. அங்கே எல்லோரும் கும்பிடுவது எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது, அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள் என்றுதான் சொல்கிறார்கள், எனக்கு அது முறிகண்டிப் பிள்ளையார், எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கு மடு மாதா, இன்னொருவர் கடவுளே இல்லை என்று வாதாடிக்கொண்டே ஒழுங்காக வருகிறார்.

இனி உனக்குப் பிடிக்காத பகுதி. மாதா மாதம் தம்பியின் கணக்குக்குக் காசு போடுவதை நிறுத்து. நீ பாசத்தில் போடுகிறாய், உன் காசு வந்த அன்றைக்கு விசுவமடுவில் அவனுக்கு எத்தனை நண்பர்கள் என்று வந்து பார். அவன் மனைவி, தங்கச்சியின் பெயருக்குப் போடு. பிள்ளையின் ரியூசன் காசை நேரே ஆசிரியருக்குக் கொடுக்கச் சொல். அவளுக்கு மூன்று வருடமாக ஒரு மனுசரோடும் இதைக் கதைக்க வழியில்லை. என் மனைவி போய் ஒரு பின்னேரம் இருந்துவிட்டு வந்தாள், இரண்டு பேரும் அழுதிருக்க வேண்டும், எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. குடும்பத்து ஆட்களுக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது, நான் சொன்ன பங்குச் சந்தைக்காரரின் மனைவிதான் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1951இல் அதைத் தொடங்கினார். இங்கே எங்கள் பக்கம் எங்கும் கண்டதில்லை. உன் ஊரில் இருக்கும். தம்பிக்கு விலாசம் தேடின நீ, உனக்கு ஒன்றைத் தேடிப் போய் ஒரு நாள் பின்வரிசையில் இரு. நீ குடிப்பதில்லை, தெரியும். ஆனால் அந்த மூன்றாவது பதிவில் மூச்சு விட்ட ஆள் நீதான்.

இராத்திரியில் அவன் ஏதாவது செய்துகொள்வேன் என்று பயமுறுத்தினால் தங்கச்சியை 1926க்கு அடிக்கச் சொல், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் கதைக்கலாம். எனக்கும் அடிக்கலாம், மாமரத்தடியில் கூட்டத்தில் இல்லாவிட்டால் எடுப்பேன்.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் எவ்வளவு என்று இன்னும் கூட்டம் வைக்கவில்லை, வைத்ததும் உன் காணிக் கதையை எழுதுகிறேன். குத்தகைக்காரன் வரம்பை வெட்டிவிட்டான் என்று ஒரு புகார் இருக்கிறது, அது பெரிய விசயமில்லை.

தம்பியிடம் நீ ஒன்றும் சொல்லாதே. வியாழக்கிழமை விடிய ஏழு மணிக்கு அவன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சீனி பார்க்கப் போகிறேன், தனியப் போக அலுப்பாக இருக்கிறது, பின்னால் ஏறு என்று கேட்கப்போகிறேன். ஏறாவிட்டால் அடுத்த வியாழன்.

உன்,
வகுப்பில் பின் வாங்கில் கூட இருந்தவன்