ஒட்டாத கட்டுத்துணி வீடு தேடி வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தெருவில் பிறந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் குழந்தைக்கு, எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்னும் அரிய மரபணு நோய் இருப்பது தெரியவந்துள்ளது. தோலின் அடுக்குகளைப் பிணைத்து வைக்கும் புரதங்கள் குறைபடுவதால், லேசாக உரசினாலே கொப்புளம் கிளம்பித் தோல் உரிந்துவிடுகிறது.

தாய் அக்குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதில்லை. மெத்தென்ற விரிப்போடு சேர்த்தே இரு கைகளிலும் ஏந்துகிறார். தையல் உறுத்தாதிருக்கச் சட்டையின் உட்புறத்தை வெளியே திருப்பி அணிவிக்கிறார். கிருமிநீக்கிய ஊசியால் கொப்புளத்தைக் குத்தி நீரை வடிக்கும் முறையை, வயதான பாட்டியும் செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் அதைக் கை நடுங்காமல் செய்வதைக் கண்டு நெஞ்சம் உருகிப்போனேன். இது தொற்றுநோய் அன்று என்பதை, அவ்வீட்டுக்குச் செல்லத் தயங்குவோர் தயவுசெய்து அறிய வேண்டும்.

சாதாரணக் கட்டுத்துணியும் பிளாஸ்திரியும் பிரிக்கும்போது தோலையே பெயர்த்துவிடுமாதலால், புண்ணில் ஒட்டாத சிலிகான் கட்டுத்துணி நாள்தோறும் தேவைப்படுகிறது. கூலி வேலை செய்யும் தந்தையின் வருமானத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடுகிறது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்கள் கொள்கை, குறிப்பிட்ட நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை சிறப்பு மையங்கள் வழியாக உதவுகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் இத்தகைய குழந்தைகளின் சிகிச்சை பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. எனவே, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மருந்து வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இக்கட்டுத்துணிகளையும் சேர்த்து, இலவசமாக வழங்கத் தமிழக அரசு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.